ஐபி65, ஐபி67, ஐபி68: வயர்லெஸ் சென்சாருக்கு எந்தப் பெட்டி?

வெளியில் மாட்டப்போகும் வயர்லெஸ் சென்சாருக்கு இரண்டு மாடல்கள் பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஒன்றில் ஐபி65 என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் ஐபி67. தூசியையும் தண்ணீரையும் பெட்டி எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் குறிதான் இந்த ஐபி எண். விலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் பெரும்பாலோர் யோசிக்காமல் 67ஐ எடுத்துவிடுவார்கள். எண் பெரிது, அதனால் பாதுகாப்பும் அதிகம் என்ற கணக்கு. அந்தக் கணக்கு பாதிதான் சரி. இந்த இரண்டு எண்களுக்கும் பின்னால் நடப்பது வெவ்வேறு ரகச் சோதனைகள். ஒன்றில் தேறிய பெட்டி மற்றதிலும் தேறும் என்று தரநிலையே சொல்லவில்லை.

தரநிலை என்பது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஇசி 60529. அதில் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. முதல் இலக்கத்தில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். 4 என்றால் 1 மி.மீ. கம்பி உள்ளே நுழையாது. 5 என்றால் தூசி கொஞ்சம் போகலாம், ஆனால் கருவியின் வேலை கெடக் கூடாது. 6 என்றால் தூசி சுத்தமாகப் போகக் கூடாது. 6க்கான சோதனையில் 75 மைக்ரான் சல்லடையில் சலித்த டால்கம் பவுடரைக் கூண்டுக்குள் பறக்கவிட்டு, பெட்டிக்குள் இருந்து காற்றை உறிஞ்சியபடியே பார்ப்பார்கள். ஒழுங்கான கேஸ்கெட் (மூடி ஓரத்தை அடைக்கும் ரப்பர் பட்டை) போட்ட எந்தப் பெட்டியும் 6 வாங்கிவிடும். 5க்கும் 6க்கும் உள்ள வித்தியாசம் உண்மையில் உறைப்பது இரண்டு இடங்களில்: உள்ளே லென்ஸ் இருக்கும் ஒளி சென்சார்கள்; உலோகத் தூளும் கரித்தூளும் பறக்கும் பட்டறைகள். அந்தத் தூள்கள் மின்சாரத்தைக் கடத்தும், சர்க்யூட் போர்டில் படிந்தால் ஷார்ட்தான்.

முடிவை நிர்ணயிப்பது இரண்டாவது இலக்கம்.

தண்ணீர் எப்படி வருகிறது?

4 என்பது எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் தண்ணீர். 5 என்பது 6.3 மி.மீ. வாயுள்ள குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர், இரண்டரை முதல் மூன்று மீட்டர் தூரத்திலிருந்து, குறைந்தது 3 நிமிடம் பீய்ச்சுவது. 6 என்றால் குழாய் வாய் 12.5 மி.மீ., தண்ணீர் நிமிடத்துக்கு 100 லிட்டர், எட்டு மடங்கு. இதுவரை ஏணிப்படி: 6ல் தேறியது 5, 4, 3 எல்லாவற்றுக்கும் செல்லும்.

7ல் ஏணி முடிந்து பாதை பிரிகிறது. பெட்டியின் அடிப்பகுதி நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே இருக்கும்படி 30 நிமிடம் மூழ்கவைக்கிறார்கள். தண்ணீர் அசையாமல் நிற்கிறது. அந்த ஒரு மீட்டர் நீரின் அழுத்தம் மூடி முழுவதையும் ஒரே சீராக உள்நோக்கி அமுக்குகிறது. அதனால் மூடி கேஸ்கெட்டின் மேல் இன்னும் இறுக்கமாக உட்காருகிறது. பீய்ச்சும் தண்ணீர் அப்படியல்ல. அது மூடியின் ஒரு ஓரத்தை மட்டும் குறிவைத்து அடிக்கும், உதட்டைத் தூக்கப் பார்க்கும், ரப்பர் பட்டனை உள்ளே தள்ளும். மூழ்கும்போது சொட்டுக்கூட விடாத பெட்டி, பைப்பால் பீய்ச்சும்போது ஒழுகுவது இதனால்தான். இரண்டிலும் தேறியிருந்தால் தயாரிப்பாளர் ஐபி66/ஐபி67 என்று சேர்த்துப் போடுவார். 67 மட்டும் போட்டிருந்தால், பீய்ச்சும் தண்ணீரைப் பற்றி அவர் எந்த வாக்குறுதியும் தரவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

8 இன்னும் வழுக்கலான எண். 7ஐவிடக் கடுமையாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர, ஆழமும் நேரமும் தயாரிப்பாளரும் வாங்குபவரும் பேசி முடிவு செய்வது. ஒருவர் 1.5 மீட்டரில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு ஐபி68 என்பார். இன்னொருவர் 10 மீட்டரில் ஒரு வாரம் வைத்திருப்பார். இரண்டு டேட்டாஷீட்டிலும் அதே எண்தான். ஆழம், நேரம் இரண்டும் எழுதாத ஐபி68ஐ ஐபி67 என்றே மதிப்பிடுவது பாதுகாப்பு.

9 என்பது கழுவுமிடங்களுக்கு: 80 டிகிரி வெந்நீர், 80 முதல் 100 பார் அழுத்தம், மிக நெருக்கத்தில், நான்கு கோணங்களில், கோணத்துக்கு 30 விநாடி. சில கருவிகளில் 69கே என்று போட்டிருப்பார்கள்; அந்த ‘கே’ வாகனங்களுக்கான தரநிலையிலிருந்து வந்தது. 9 வாங்கியதால் மூழ்கினாலும் தாங்கும் என்று பொருளில்லை.

இத்தனை சோதனைகளும் புதுப் பெட்டியில், நல்ல தண்ணீரில் நடக்கின்றன. உப்பு இல்லை, சோப்பு இல்லை, எண்ணெய் இல்லை, வெயிலில் பல வருடம் காய்ந்த கேஸ்கெட் இல்லை. மூழ்கடிக்கும் சோதனையில் தண்ணீருக்கும் பெட்டிக்கும் 5 டிகிரிக்கு மேல் வெப்ப வித்தியாசம் இருக்கக் கூடாது என்றும் விதி. இந்தக் கடைசி விதிதான் வெளியில் மாட்டும் சென்சாருக்கு வினையாகிறது.

வெயில், பிறகு மழை

கம்பத்தில் மாட்டிய பெட்டி வெயிலில் 60 டிகிரி வரை சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். திடீர் மழை. சில நிமிடங்களில் 25 டிகிரிக்கு இறங்குகிறது. முழுக்க மூடிய பெட்டியாக இருந்தால் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் கெல்வின் கணக்கில் 333க்கு 298 என்ற விகிதத்தில் குறையும். அதாவது பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், சுமார் 105 மில்லிபார். ஒரு மீட்டர் தண்ணீரின் அழுத்தம் 98 மில்லிபார். ஆக, அந்தப் பெட்டியை யாரும் தொட்டியில் போடவில்லை என்றாலும், ஐபி67 சோதனைக்கு ஈடான உறிஞ்சல் உள்ளேயிருந்து நடக்கிறது. கேஸ்கெட் ஓரத்தில் மழைத் தண்ணீரும் தயாராக நிற்கிறது. ஆய்வகத்தில் இது ஒரு தடவை, 30 நிமிடம். கம்பத்தில் ஒவ்வொரு மழைக்கும், வருடக்கணக்கில்.

உள்ளே இழுக்கும்போது தண்ணீராக வருகிறது. வெளியே போகும்போது ஆவியாக மட்டுமே போக முடியும். வரவு அதிகம், செலவு குறைவு. அதனால்தான் நன்றாக மூடிய பெட்டியைத் திறந்தால் அடியில் ஒரு ஸ்பூன் தண்ணீர் தேங்கியிருக்கிறது. இதைப் பலர் “வியர்த்திருக்கிறது” என்று நினைத்துவிடுகிறார்கள். வியர்வைக் கணக்கு வேறு: ஒரு லிட்டர் காற்று 30 டிகிரியில் அதிகபட்சம் 30 மில்லிகிராம் ஆவி வைத்திருக்கும், 15 டிகிரியில் 13 மில்லிகிராம். முழு ஈரக் காற்றோடு மூடிய ஒரு லிட்டர் பெட்டி குளிர்ந்தால் 17 மில்லிகிராம்தான் சொட்டும். ஒரு துளிகூட இல்லை. தேங்கும் அளவுக்குத் தண்ணீர் இருந்தால் அது மூச்சு இழுத்த தண்ணீர்.

இதற்கு மருந்து, பெட்டியை இன்னும் இறுக்குவது அல்ல. மூச்சுவிட ஒரு வழி வைப்பது. விரிவாக்கிய பிடிஎஃப்இ (டெஃப்லான்) சவ்வு வைத்த வென்ட் பிளக், அதாவது காற்று மட்டும் போய்வரும் அடைப்பான், எம்12 (12 மி.மீ. மரை) அளவில் எளிதாகக் கிடைக்கிறது. காற்றும் ஆவியும் போகும், நீர்த்துளி போகாது. உள்ளும் வெளியும் அழுத்தம் சமமாகிவிடுவதால் கேஸ்கெட்டை யாரும் இழுப்பதில்லை. வென்ட்டின் ஐபி எண் பெட்டியின் எண்ணுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பக்கவாட்டிலோ அடியிலோ பொருத்துங்கள். மேலே வைத்தால் சவ்வின் மேல் தண்ணீரும் அழுக்கும் நிற்கும். சவ்வின் மேல் பெயின்ட் படக் கூடாது. சோப்புத் தண்ணீரோ எண்ணெயோ படும் இடமென்றால் எண்ணெய் ஒட்டாத ரகச் சவ்வு கேளுங்கள். சாதாரண ரகம் சோப்பில் நனைந்ததும் தண்ணீரை உள்ளே விட்டுவிடும்.

வென்ட் ஆவியைத் தடுக்காது என்பதையும் மறக்கக் கூடாது. ஈரமான அதிகாலைகளில் போர்டின் மேல் பனி படியும். அதற்குச் சர்க்யூட் போர்டில் கன்ஃபார்மல் கோட்டிங், அதாவது ஈரம் தடுக்கும் மெல்லிய பூச்சு, வேண்டும். கனெக்டர்கள், ஈரப்பத சென்சாரின் வாய், ஆன்டெனா பகுதி ஆகியவற்றை விட்டுவிட்டுப் பூச வேண்டும். வென்ட் வைத்த பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவது வீண்: வெளிக்காற்றோடு தொடர்பு இருப்பதால் சீக்கிரமே நிறைந்துவிடும். மூடிய பெட்டியில் உதவும். ஆனால் பிளாஸ்டிக்கும் கேஸ்கெட்டும் மெதுவாக ஆவியைக் கசியவிடும் என்பதால், பேட்டரி மாற்றும்போதெல்லாம் பொட்டலத்தையும் மாற்ற வேண்டும்.

ஆகவே, மழையும் வெயிலும் மாறி மாறிப் படும் கம்பம், சுவர், வயல் இவற்றுக்கு: வென்ட் இல்லாத ஐபி67ஐவிட வென்ட் உள்ள ஐபி66 நல்ல தேர்வு. வென்ட்டோடு 66/67 இரட்டைக் குறி கிடைத்தால் அதை எடுங்கள். கூரை ஓரத்துக்கு அடியில், நேரடி மழை படாத இடமென்றால் ஐபி65 தாராளம்.

ஐபி68 எப்போது?

தண்ணீர் மீட்டர் குழி, மழைநீர் வடிகால், நிலத்தடி வால்வு அறை. நாள்கணக்கில் மூழ்கிக் கிடக்கும் இடங்கள். இங்கே 67 போதாது, ஆழமும் நேரமும் எழுதிய 68 வேண்டும். ஆனால் ஒன்று: தண்ணீருக்குள் ரேடியோ வேலை செய்யாது. 868 மெகாஹெர்ட்ஸ் ஆனாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆனாலும் தண்ணீரில் சிக்னல் சீக்கிரமே செத்துவிடும். மூழ்கிய சென்சார் பிழைத்திருக்கும், பேசாது. குழி நிரம்பியது என்ற செய்தியே உங்களுக்கு வேண்டியது என்றால், ஆன்டெனாவைக் கேபிளில் எடுத்து மூடிக்கு மேலே வைக்க வேண்டும். அப்போது ஒழுகக்கூடிய இடம் அந்தக் கேபிள் நுழையும் வாயாகிவிடும்.

நிரந்தர மூழ்கலுக்குக் கேஸ்கெட்டைவிடப் பாட்டிங் நம்பகமானது, அதாவது உள்ளே முழுவதும் ரெசின் ஊற்றி அடைப்பது. பாலியூரித்தேன் மென்மையானது, எபாக்ஸி கெட்டியாகி, வெப்பம் ஏறி இறங்கும்போது சோல்டர் மூட்டுகளை இழுத்து உடைக்கும். ஆன்டெனாவைச் சுற்றி ரெசின் வந்தால் அதன் டியூனிங் நகர்ந்துவிடும். ரெசினோடு சேர்த்தே டியூன் செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பகுதியைக் காலியாக விட வேண்டும். லித்தியம் தயோனைல் குளோரைடு பேட்டரியின் பாதுகாப்பு வால்வைக் கெட்டி ரெசினால் அடைக்கக் கூடாது. ஊற்றிவிட்டால் பேட்டரியை மாற்ற முடியாது. பேட்டரியின் ஆயுள்தான் சென்சாரின் ஆயுள். இதற்குச் சம்மதம் என்றால் மட்டும் இந்த வழி.

எண் சிறிதாக இருப்பதே சரியான இடங்கள்

அறைக்குள் கரியமில வாயு, வெப்பம், ஈரப்பதம் அளக்கும் சென்சாருக்கு ஐபி20, ஐபி30 போதும். போதும் என்பதைவிட, அதுதான் சரி. காற்று உள்ளே போனால்தானே அளக்க முடியும்? அதே சென்சாரை ஐபி67 பெட்டியில் அடைத்தால் அது பெட்டிக்குள் இருக்கும் காற்றையும், பக்கத்துச் சிப்பின் சூட்டையும் அளந்து சொல்லும். வெளியிலும் ஈரப்பதம் வேண்டுமென்றால் இரண்டு வழி: சவ்வு மூடி போட்ட சென்சார் முனை, அல்லது கேபிளில் தொங்கும் தனி ப்ரோப் (அளக்கும் முனை). சவ்வு ஈரத்தை மெதுவாகத்தான் விடும் என்பதால் அளவீடு சற்றுப் பின்தங்கும். டேட்டாஷீட்டில் பெட்டிக்கு ஐபி67 என்று பெரிதாகவும், ப்ரோப்புக்கு ஐபி54 என்று சிறிதாகவும் போட்டிருப்பார்கள். மழையில் நனையப்போவது ப்ரோப். சிறிய எண்ணைப் படியுங்கள்.

தூசி பறந்து, தரை துடைக்கும்போது தெறிக்கும் கிடங்கு, பட்டறை ஆகியவற்றுக்கு ஐபி54.

எண்ணில் வராதவை

உலோகப் பெட்டி உறுதியானது, வெப்பத்தை நன்றாக விடும். ஆனால் உள்ளே இருக்கும் ஆன்டெனாவை அடைத்துவிடும். வெளி ஆன்டெனா கட்டாயம். அதற்கு ஒரு துளை, ஒரு கனெக்டர், ஒரு புதிய கசிவு வாய்ப்பு. ஆன்டெனாவைத் திருகி மாட்டும் எஸ்எம்ஏ கனெக்டர் தானாக நீர் தாங்காது. மாட்டிய பிறகு தனக்குத்தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்ற வேண்டும். பேட்டரியில் ஓடும் சின்ன சென்சாருக்குப் பிளாஸ்டிக்கே என் முதல் தேர்வு. பெட்டி பிளாஸ்டிக்காக இருந்தாலும் உலோகக் கம்பத்தில் மாட்டும்போது ஆன்டெனா இருக்கும் பக்கம் கம்பத்துக்கு எதிர்ப்புறம் இருக்கட்டும்.

எந்தப் பிளாஸ்டிக் என்பதும் முக்கியம். ஏபிஎஸ் வெயிலில் மஞ்சளாகி நொறுங்கும், வெளியில் வேண்டாம். ஏஎஸ்ஏ வெயிலைத் தாங்கும். பாலிகார்பனேட் அடியைத் தாங்கும், புற ஊதாப் பாதுகாப்பு சேர்த்த ரகமாக இருக்க வேண்டும். வெயிலும் நீரும் தாங்கும் என்று காட்டும் யூஎல் 746சி தரநிலையின் எஃப்1 குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் அம்மோனியாவும் காரச் சுத்திகரிப்பு நீர்மங்களும் பாலிகார்பனேட்டை விரிசலாக்கும், எனவே கால்நடைக் கொட்டகைக்கும் கழுவும் ஆலைக்கும் அது ஆகாது. ஸ்க்ரூ கழலாமல் இருக்கப் போடும் த்ரெட்லாக்கர் திரவமும் அதையே செய்யும். மூலையில் ஸ்க்ரூவைச் சுற்றி நட்சத்திரம் போல விரிசல் ஓடியிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

அடி, மோதல் ஐபி எண்ணுக்குள் வராது. அதற்கு ஐகே எண் தனி. ஐகே08 என்றால் 5 ஜூல், 1.7 கிலோ எடை 30 செ.மீ. உயரத்திலிருந்து விழுவது. ஐகே10 என்றால் 20 ஜூல், 5 கிலோ 40 செ.மீ.யிலிருந்து. கடற்கரை உப்புக்காற்றுக்கு அமெரிக்கப் பெட்டித் தரநிலையான நெமாவின் 4எக்ஸ் குறி உதவும். அதில் அரிப்புச் சோதனையும் அடக்கம். நெமா 4எக்ஸ் பெட்டியை ஐபி66 இடத்தில் வைக்கலாம், ஐபி66 பெட்டியை 4எக்ஸ் என்று சொல்ல முடியாது.

ஒழுகுவது பெரும்பாலும் எங்கே?

பெட்டியில் நீங்கள் போட்ட துளையில். ஐபி எண் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கு மட்டும். ஒரு துளை போட்டதும் அந்த எண், உள்ளே போகும் கிளாண்ட்டின் (கேபிளை இறுக்கிப் பிடித்துத் துளையை அடைக்கும் பாகம்) தரத்துக்கும் உங்கள் கைப்பக்குவத்துக்கும் இறங்கிவிடும்.

கேபிள் கிளாண்ட்டுக்கு விட்டம் பொருந்த வேண்டும். எம்16 கிளாண்ட் பலவற்றில் 5 முதல் 10 மி.மீ. கேபிள் பிடிக்கும், 4 மி.மீ. ப்ரோப் கேபிளைப் பிடிக்காது. கேபிள் உருண்டையாக இருக்க வேண்டும். தட்டைக் கேபிளின் இரண்டு ஓரத்திலும் இடைவெளி நிற்கும். ஒரு கிளாண்ட்டில் இரண்டு கேபிள் நுழைத்தால் நடுவில் முக்கோண ஓட்டை நிச்சயம். கிளாண்ட் கீழ்நோக்கி இருக்க வேண்டும். கேபிள் கீழே ஒரு வளைவு இறங்கிப் பிறகு மேலே ஏற வேண்டும், அப்போதுதான் வழிந்துவரும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். இதெல்லாம் சரியாக இருந்தும் உள்ளே ஈரம் வந்தால் கேபிளின் மறுமுனையைப் பாருங்கள்: வெட்டிய முனை ஈரத்தில் கிடந்தால், கம்பி இழைகளுக்கு இடையே ஏறும் தண்ணீர் உறைக்குள்ளேயே பயணம் செய்து பெட்டிக்குள் வந்து சேரும். எம்12 கனெக்டரின் ஐபி67 மாட்டி முறுக்கிய நிலைக்கு. மாட்டாத கனெக்டருக்கு மூடி போடாவிட்டால் அது வெறும் ஓட்டை.

அடுத்தது பேட்டரி மாற்றும் நாள். கேஸ்கெட் தட்டையாகி, எழும்பி வராமல் கிடந்தால் மாற்றிவிடுங்கள். அதன் மேல் ஒரு மயிரிழை கிடந்தாலும் கசியும். சிலிக்கான் கேஸ்கெட்டுக்குச் சிலிக்கான் கிரீஸ் பூசக் கூடாது, ஊதிவிடும். ஈபிடிஎம் ரப்பருக்குப் பெட்ரோலிய கிரீஸ் ஆகாது. ஸ்க்ரூக்களைக் குறுக்கு மூலைகளாக, இரண்டு சுற்றில், தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்குங்கள். பவர் டிரைவரால் வெறியோடு முறுக்கினால் மூடியின் நடுப்பகுதி வில்லாக வளைந்து மேலே எழும்பும்.

வாங்கிய மாடலில் சந்தேகம் இருந்தால் மொத்தமாக மாட்டும் முன் ஒன்றைச் சோதித்துவிடலாம். போர்டையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, உள்ளே காய்ந்த டிஷ்யூ காகிதம் விரித்து, வேண்டிய கேபிளையும் கிளாண்ட்டில் பொருத்தி மூடுங்கள். 50 டிகிரி வரை சூடாக்கி, உடனே நிறம் கலந்த குளிர்ந்த தண்ணீரில் ஒரு சாண் ஆழத்தில் அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள். தரநிலை கேட்பதைவிட இது கடுமை. வெளியில் நடப்பதற்கு இதுதான் கிட்ட. ஒழுகினால், காகிதத்தில் கறை எந்த மூலையில் இருக்கிறது என்பதே கசிவின் விலாசம்.

மாட்டிய பிறகும் கண்காணிக்க வழி உண்டு. போர்டிலேயே ஒரு சின்ன ஈரப்பதச் சிப் இருந்தால், மூடிய பெட்டிக்குள் பனிப்புள்ளி வெப்பநிலையை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) கணக்கிட்டு வாரம் ஒருமுறை அனுப்பச் சொல்லுங்கள். ஈரப்பதச் சதவீதம் வெப்பத்தோடு ஏறி இறங்கும் என்பதால் அது எதையும் சொல்லாது. பனிப்புள்ளி வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனால் பெட்டி கசிகிறது. போர்டு அரிப்பதற்கு முன்பே போய்த் திறந்து பார்க்க நேரம் கிடைக்கும். குளிர் அறைக்குள் இருக்கும் சென்சாரை மட்டும் வெளியே கொண்டுவந்த உடனே திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வந்து மேற்புறம் காயும்வரை மூடியே இருக்கட்டும். அவசரப்பட்டுத் திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் முழுவதும் குளிர்ந்த போர்டின் மேல்தான் படியும், அங்கே எந்த ஐபி எண்ணும் குறுக்கே வராது.